புரட்டாசி வெயிலும் நம் வீட்டுத் தலையணையும்



கடலூரில் பகல் வெயிலில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. சாயங்காலமானால் மேற்கே கறுக்கிறது, சில நாள் ஒரு பாட்டம் பெய்துவிட்டும் போகிறது. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று பெரியவர்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. இந்த வெயில் போவதற்குள் ஒரு வேலையை முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். வீட்டில் இருக்கிற தலையணைகளையெல்லாம் வெளியே எடுங்கள்.

உறையை வாராவாரம் துவைக்கிறோம். உள்ளே இருப்பதைக் கடைசியாக எப்போது பார்த்தோம்? கழற்றிப் பாருங்கள். தலை வைக்கிற இடத்தில் டீ சிந்திய மாதிரி மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கும். தேங்காய் எண்ணெய், வியர்வை, குழந்தையின் எச்சில் எல்லாம் சேர்ந்து ஊறிய கறை அது. அதன்மேல்தான் தினமும் ஆறேழு மணி நேரம் முகத்தை வைத்து மூச்சு விடுகிறோம்.

கறை மட்டுமில்லை, ஈரமும் உண்டு. சிதம்பரத்து வாசகர்களுக்கு அதை நான் சொல்லவே வேண்டாம். மார்கழியில் ஆருத்ரா தரிசனம் என்றால் தேரோடும் நான்கு வீதிகளிலும் வீட்டுக்கு வீடு சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அன்றைக்குத்தான் பரணில் கிடந்த தலையணைகளும் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத ஈரத்தையும் குடித்துவிட்டு வந்திருக்கும். பையைப் பிரித்ததும் குப்பென்று ஒரு பூஞ்சை வாடை. அப்போது போய் வெயிலைத் தேடினால் எங்கே கிடைக்கும்? நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். அதாவது புரட்டாசி முடிந்த கையோடு.

ஒரு வருஷம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். என் மாமியாருக்குக் கடலூர் முதுநகர் வீட்டில் ஓர் இலவம்பஞ்சுத் தலையணை இருந்தது. கோடு போட்ட மெத்தைத் துணியில் அவரே கையால் தைத்தது. தீபாவளிக்குச் சுத்தமாக இருக்கட்டுமே என்று அதை அப்படியே வாஷிங்மெஷினில் போட்டேன். ஐப்பசி மாதம். எடுத்தபோது ஈர அரிசி மூட்டை மாதிரி கனத்தது. அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. ஃபேனுக்குக் கீழே மூன்று நாள் கிடந்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், விரலை அழுத்தினால் உள்ளே சில்லென்று இருக்கும். நாலாம் நாள் தையலைப் பிரித்தால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி கட்டியாகப் பஞ்சு, நடுவில் பழுப்பேறி, நனைந்த சாக்கு வாடை. மாமியார் கோபப்படவில்லை. “இதுக்கு எதுக்கும்மா தண்ணி? வெயில்ல போட்டாலே போதுமே” என்றார். அவ்வளவுதான். அந்தப் பஞ்சைக் கொட்டும்போது எனக்கு மனசே ஆறவில்லை.

தலையணையைத் துவைப்பது பெரிய வேலை இல்லை, காய வைப்பதுதான் வேலை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். தண்ணீரில் போடுவதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள்: உள்ளே என்ன பஞ்சு, மேலே என்ன வானம்.

இலவம்பஞ்சுக்குத் தண்ணீரே கூடாது. இலவு காத்த கிளியை ஏமாற்றிவிட்டுக் காற்றில் பறக்கிற அதே பஞ்சுதான் இது. நம் மாநிலத்தில் போடிநாயக்கனூர் பக்கம் இதற்குப் பேர்போனது. இதன் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறும் காற்றடைத்த குழாய், மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. அதனால்தான் தண்ணீரில் மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் அங்கிகளுக்குள் இதை அடைத்துத் தைத்தார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மெஷினில் சுழற்றினால் தண்ணீர் உள்ளே ஏறி, இழைகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தட்டினாலும் அந்தப் பழைய உப்பல் வராது.

என்ன செய்யலாம்? ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பஞ்சைப் பழைய கொசுவலைக்குள் கொட்டி, வாயைக் கட்டி, மாடியில் பாய் விரித்து அதன்மேல் போடுங்கள். துணியை மட்டும் துவையுங்கள், கறை போக வெந்நீரில்கூட ஊற வைக்கலாம். பஞ்சை அவ்வப்போது புரட்டிக் கையால் உதிர்த்துவிடுங்கள். காலையிலேயே ஆரம்பிப்பது நல்லது. நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால் வலைக்கு வெளியே இருக்கிற பஞ்சு ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். காற்றில் ஈரமும் ஏறிவிடும்.

பருத்திப் பஞ்சுக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் பருத்தி தண்ணீரை வேகமாகக் குடிக்கும், மெதுவாகத்தான் விடும். அதனால் இன்னும் கவனம் வேண்டும். முன்பெல்லாம் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சு அடிக்கிறவர் தெருவில் வருவார். திண்ணையிலேயே உட்கார்ந்து பழைய பஞ்சை அடித்து உதிர்த்துப் புதுசாக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். இப்போது மெத்தைக் கடையில் மெஷினில் அடித்துத் தருகிறார்கள். தலையணையைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருதரம் விசாரித்துப் பாருங்கள்.

இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது பாலியெஸ்டர் ஃபைபர் தலையணை. இதைத் தாராளமாகத் துவைக்கலாம். தையல் எங்காவது விட்டிருந்தால் முதலில் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் வடிகுழாயில் பஞ்சு போய் அடைத்துக்கொள்ளும். இரண்டிரண்டாகப் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பாரம் ஒரு பக்கமாகி மெஷின் ஆடும். டெலிகேட் செட்டிங், வழக்கமாகப் போடுவதில் பாதி லிக்விட், அலசுவது இரண்டு தரம்.

சோப்பு விஷயத்தில் நம் பக்கத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் நுரை வரவில்லை என்று இன்னும் ஒரு கை பவுடர் போடுவோம். அந்தச் சோப்பு தலையணைக்குள்ளேயே தங்கிப் பிசுபிசுக்கும், அழுக்கையும் இழுக்கும். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

பிழியாதீர்கள். இரண்டு டவலுக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் போதும். க்ளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டால் பஞ்சு முழுக்கக் கீழே இறங்கி ஒரு மூலையில் போய் அடைந்துகொள்ளும். கயிற்றுக் கட்டிலிலோ இரண்டு நாற்காலிகளுக்கு மேலோ படுக்கப் போடுங்கள், அடியிலும் காற்று போகும். மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டு, கட்டியைக் கையால் பிய்த்துவிடுங்கள். நல்ல வெயிலிலும் இரண்டு நாள் பிடிக்கும். காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், கன்னத்தில் அழுத்தி வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு நாள் காயட்டும்.

ஃபோம், லேடெக்ஸ் இரண்டும் மெஷினுக்கும் ஆகாது, கடும் வெயிலுக்கும் ஆகாது. வெயிலில் மஞ்சளித்து உதிர ஆரம்பிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில், ஃபேன் காற்றில் வையுங்கள்.

வீட்டில் வீசிங், தும்மல் உள்ள குழந்தை இருக்கிறதா? தலையணைக்குள் வளர்கிற தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. ஈரக்காற்று இருக்கிற கடலோர ஊர்களில் அதற்குக் கொண்டாட்டம். 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அது சாகும். தலையணையையே அவ்வளவு சூட்டில் போட முடியாது என்றால், உறைக்குள் ஜிப் வைத்த இன்னொரு கெட்டி உறை போட்டு, இரண்டையும் அந்தச் சூட்டில் துவைத்துவிடுங்கள். தையல்காரரிடம் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியைக் கொடுத்தாலே தைத்துத் தருவார்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை புரண்டு வந்தது என்று எத்தனை முறை பார்த்துவிட்டோம். தண்ணீர் வடிந்ததும் தெருவோரம் மெத்தையும் தலையணையும் குவிந்து கிடக்கும். சிலர் அதிலிருந்தே நல்லதாகத் தெரிவதை எடுத்துப்போய்த் துவைத்துக் காயவைப்பதையும் பார்த்திருக்கிறேன். இழந்தவர்களுக்கு ஒரு தலையணையும் பெரிசுதான், அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அது பஞ்சுக்குள் போய்விட்டால் எந்தச் சோப்பும் வெளியே எடுக்காது. துணியைக் கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்தலாம், பஞ்சைக் கொட்டிவிடுங்கள். ஆற்றோரத்திலும் தாழ்வான தெருக்களிலும் இருப்பவர்கள், இப்போது காய்ந்த தலையணைகளைப் பெரிய பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். வீட்டு ஆட்களுக்கு வேண்டியது மட்டும் கீழே இருந்தால் போதும்.

அந்த முதுநகர்த் தலையணையின் துணியை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். பிறகு புது இலவம்பஞ்சு வாங்கி மாமியாரே மறுபடி அடைத்துத் தைத்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை வானம் விட்டால், மற்ற ஐந்தோடு அதுவும் எங்கள் மாடியில் காயும். கடற்காற்று எழுவதற்குள் இறக்கிவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்