போரடிக்கிறது

சென்ற மாதம் தஞ்சாவூரில் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசினோம். நண்பர் ஒருவர் (நல்ல கவிஞர், விமர்சனமும் எழுதுகிறவர்) தம் முறை வந்ததும் 'போரடிக்கிறது' என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். விமர்சனம் முடிந்துவிட்டது. ஒரு தமிழன்பர் உடனே வருத்தப்பட்டார், நாவலுக்காக அல்ல, தமிழுக்காக: 'சலிப்பு' என்று சொல்லக்கூடாதா? மற்றொருவர் இன்னும் மேலே போனார். களத்தில் மாடு சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் அந்தச் சொல்லையே எடுத்துப்போனானாம்.

இவரை முதலில் தீர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் பி, ஓ, ஆர், இ என்று எழுதுவது ஒரு வினை அல்ல, ஒரே சட்டைக்குள் மூன்று. துளைப்பது என்ற பொருளில் அது பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. சுமந்தான், பிள்ளை பெற்றாள் என்ற பொருளில் அது வேறொரு வினையின் இறந்தகாலம். வடமொழி வழியாக நமக்கு வந்த 'பாரம்' அதற்குத் தாயாதி. அறுப்பது என்ற பொருள் மட்டும் 1760களில் பிரபுக்கள் வட்டத்தில் திடீரென்று முளைக்கிறது. எங்கிருந்து என்று அகராதிக்காரர்களுக்கே பிடிபடவில்லை. துளைப்பதிலிருந்து என்பது ஊகம். நம் மாட்டுக்கு இதில் பங்கில்லை.

தமிழன்பருக்கு: சொல் எந்த ஊர்ச் சரக்கு என்பது எனக்குப் பொருட்டல்ல. நாம் அதற்குக் கொடுத்த இலக்கணம்தான் பிரச்னை. ஆங்கில வினைக்கு எழுவாயும் வேண்டும், செயப்படுபொருளும் வேண்டும். யார், யாரை என்பது பதிவாகிவிடும், மறுக்க இடமுண்டு. நம் 'அறுக்கிறான்' கூட அப்படித்தான், குற்றவாளி கூண்டில் நிற்கிறான். 'எனக்குப் போரடிக்கிறது' என்பதில் யாரும் இல்லை. வெயில் அடிக்கிறது, எனக்குப் பசிக்கிறது என்ற வரிசையில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. 'நாவல் போரடிக்கிறது' என்றாலும் மீன் நாற்றமடிக்கிறது என்கிற அளவுக்குத்தான். உங்களுக்குப் பசிக்கவில்லை என்று நான் வாதாட முடியுமா? நண்பர் நாவலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம் உடம்பு நிலையைத் தெரிவித்தார்.

செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி, அபிப்பிராயம் போதாது, அலசல் வேண்டும் என்று மன்றாடினார். அலசுகிறவனுக்குக் கை நனையும். அவருடைய முடிவுகளில் பல எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எந்த வரியில் எதைக் கண்டார் என்று காட்டாமல் அவர் நகரமாட்டார்.

இத்தனைக்கும் போரடிப்பது இந்த ஊர் வேலை. அறுவடை இயந்திரம் வருமுன், கட்டுகளைக் கையால் களத்தில் அடித்து நெல்லை உதிர்ப்பார்கள். அடித்த தாளைப் போராகப் போட்டுவைத்து, சில நாள் கழித்துப் பிரித்துப் பரப்பி, மாடுகளைப் பிணைத்து மிதிக்க விடுவார்கள். அதுதான் போரடி. முதல் அடியில் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்த நெல் அப்போதுதான் கிடைக்கும். இன்று வங்கியில் என் மேஜைக்கு வரும் மனுக்களில் போர் என்றால் ஆழ்குழாய்க் கிணறு. களம் போய்விட்டது, சரி. இரண்டாம் தரம் மிதிப்பதும் போகவேண்டுமா?

அந்த நாவலில் ஒரு அத்தியாயம். மிராசுதாரின் காரியஸ்தர் குத்தகை நெல்லை மரக்கால் மரக்காலாக அளக்கிறார். பதினெட்டுப் பக்கம். எனக்கும் சலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அளந்து முடிகிறவரை நகர முடியாமல், வாய் திறக்க முடியாமல், தனக்கு என்ன மிஞ்சும் என்று பார்த்தபடி குத்தகைக்காரன் ஓரத்தில் நிற்கிறான். அவன் நிற்கிற நேரம் அத்தனையும் நாமும் நிற்கவேண்டும் என்று ஆசிரியர் நினைத்திருக்கிறார். அந்தச் சலிப்பை எடுத்துவிட்டால் அவன் வெறும் பாத்திரம். பதினெட்டு அதிகம், பத்துப் போதும் என்று யாராவது சொல்லியிருந்தால் இரவு முழுக்க உட்கார்ந்து சண்டை போட்டிருப்பேன்.

பிரியும்போது, எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்று நண்பரைக் கேட்டேன். அளவு ஆரம்பித்த இரண்டாவது பக்கத்தில் என்றார்.