கணக்கு மென்பொருள்: யாருடைய வசதிக்கு?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் பலர் தொழுகை என்பர். சிலர் நோன்பு என்பர். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்றும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது என்றும் கற்பிக்கிறது. பிறர் வணிகத்துக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் என் போன்றோருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறில்லை.

இந்த எச்சரிக்கையை நான் ஒருமுறை மறந்தேன். எங்கள் கடைவீதியில் பாத்திரக் கடை நடத்திய பெரியவர் ஒருவர், தம் கணக்கைக் கணினிக்கு மாற்றித் தருமாறு என்னிடம் கேட்டார். அவருக்கு எது பொருந்தும் என்று நான் ஆராயவில்லை. எனக்கு எது பழக்கமோ அதையே நிறுவினேன். திரை முழுவதும் ஆங்கிலம். கடைப் பையன் பில்களை மட்டும் பதிந்தான். வாய்மொழியாகக் கொடுத்த கடனும் வாங்கிய கடனும் பெரியவரின் பழைய நோட்டிலேயே தங்கிவிட்டன. இரண்டு ஆண்டுகளில் அவர் வஃபாத்தானார். "அத்தா யாருக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்டு மக்கள் என்னிடம் வந்தபோது, கணினி ஒரு தொகையையும் நோட்டு வேறொரு தொகையையும் காட்டின. வாரிசுப் பங்கீட்டுக்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவர்கள் கொடுத்துத் தீர்த்தனர். கேட்காமல் போனவர் எவரேனும் உண்டா என்பதை இன்றும் எவராலும் சொல்ல இயலவில்லை. அதில் என் பங்கு உண்டு.

ஆகவே என் கருத்து இது: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது தொழில்நுட்ப வினா அன்று, அமானிதம். எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், நாள்தோறும் அதில் பதியப்போகிறவர் யார் என்று கேட்க வேண்டும். கடைக்காரரா, மகளா, கூலிக்கு வரும் பையனா? அவருக்குத் தமிழ்த் திரை வேண்டுமா? கைப்பேசியிலேயே முடிக்க விரும்புவாரா? பயன்படுத்த ஆளில்லாத மென்பொருள், பூட்டிய பேரேட்டுக்குச் சமம்.

அடுத்தது சட்டத் தேவை. ஜிஎஸ்டியில் தொகுப்புத் திட்டத்தில் இருக்கும் சிறு வணிகர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது. அவருக்கு எளிய பில்லும் காலாண்டுக் கணக்கும் போதும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவரோ, பிற வணிகர்களுக்கு விற்கையில் 2023 ஆகஸ்ட் முதல் மின்-விலைப்பட்டியல் தர வேண்டியவர். கம்பெனியாகப் பதிவு செய்தவருக்கு, யார் எந்தப் பதிவை எப்போது திருத்தினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி காக்கும் மென்பொருள் 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். முன்னவருக்குப் பின்னவரின் மென்பொருளை விற்பது வீண்செலவு. பின்னவருக்கு முன்னவருடையதைத் தருவது ஆபத்து.

நம் வணிகர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. அதை எந்த விற்பனையாளரும் கேட்பதில்லை. ஸகாத். வரிக் கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது. ஹிஜ்ரி ஆண்டோ ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. ஆகவே ஸகாத் நாள் ஆண்டுதோறும் முன்னகரும். ரமழான் முதல் பிறையன்று ஸகாத் கணக்கிடுபவருக்கு அந்த நாளின் ரொக்கம், வர வேண்டிய பாக்கி, தர வேண்டிய கடன், சரக்கிருப்பு ஆகியவற்றைக் காட்டும் மென்பொருள் வேண்டும். பேரேட்டில் சரக்கு பெரும்பாலும் வாங்கிய விலையில் நிற்கும். ஸகாத்துக்கோ அன்றைய சந்தை விலையையே அறிஞர் பலர் கொள்வர். எனவே மொத்தத் தொகை போதாது. பொருள்வாரி எண்ணிக்கை தேவை. விற்பனைத் தொகையை மட்டும் பதியும் பில் செயலியால் இது இயலாது.

டேலியா, ஸோகோ புக்ஸா என்ற விவாதம் இவற்றுக்குப் பிறகே வர வேண்டும். கடையிலேயே ஒரு கணினி, இணையம் நிலையில்லை, ஊர் ஆடிட்டரும் டேலி பழகியவர் என்றால் டேலி பொருந்தும். துபாயிலிருந்து அண்ணனும் ஊரிலிருந்து தம்பியும் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டுமெனில் ஸோகோ போன்ற இணையவழி மென்பொருள் எளிது. எதுவாயினும், தரவு முழுவதையும் எக்ஸலில் வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே சோதியுங்கள். உலகப் புகழ்பெற்ற குவிக்புக்ஸே 2023-இல் இந்தியச் சேவையை நிறுத்திக்கொண்டது. கணக்கு வாடிக்கையாளரின் சொத்து. கடவுச்சொல் அவர் கையிலும் இருக்க வேண்டும்.

இறுதியாக என் தொழில் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருள் விற்பனையில் நமக்குக் கமிஷன் வருமாயின், அதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். மாற்றிய பின் மூன்று மாதமாவது பழைய நோட்டையும் புதிய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். நாம் எழுதியது ஒருநாள் நம் முன்னும் விரிக்கப்படும். அந்நாளில் தலைகுனியாத கணக்கை எழுதும் பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.