எந்த முத்துசாமி?

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் வம்சாவளி எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். கையில் பழைய கிரயப் பத்திரத்தின் நகல் இருக்கும். ‘ராமசாமி குமாரர் முத்துசாமி’ என்று அதில் எழுதியிருக்கும். இந்த முத்துசாமி தாத்தாவா, தாத்தாவுக்குத் தாத்தாவா? அவருக்கும் அப்பா ராமசாமிதான், இவருக்கும் அப்பா ராமசாமிதான். போதாததற்கு அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே வைத்திருப்பார்கள். ஒரே தெருவில் மூன்று முத்துசாமிகள். ஊரார் அவர்களை மேலவீட்டு முத்து, குட்டை முத்து என்று பிரித்துக் கூப்பிட்டார்கள். பத்திரம் எழுதியவர் அதை எழுதவில்லை.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயரை விட்டுவிடுங்கள், நிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பார்க்காமல் தள்ளுகிற நான்கெல்லை விவரத்தை முதலில் படியுங்கள். கிழக்கே யார் நிலம், மேற்கே யார் நிலம் என்று நாலு பேர் அதில் இருப்பார்கள். பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள்தான் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் எல்லையாகிறார்கள். அந்தப் பெயர்களைத் தனியே எழுதி, அடுத்த பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். ‘எனக்குப் பிதிரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட’ என்றிருந்தால் சொத்து தகப்பன் வழியில் வந்தது. அதற்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரம் எங்கோ இருக்கக்கூடும். அது கிடைத்தால் ஒரு தலைமுறை மொத்தமாய்க் கிடைத்த மாதிரி.

அடுத்த முடிச்சு வயது. பள்ளிச் சான்றிதழில் இருப்பது பல நேரம் சேர்க்கைக்காகத் தலைமையாசிரியர் போட்ட தேதி. ஜாதகத்தில் ‘விரோதி வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அது 1889லும் வந்தது, 1949லும் வந்தது. தமிழ் வருடம் அறுபதும் சுற்றித் திரும்பி வருவதால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே வருடப் பெயர் அமைந்துவிடும். கட்டத்தில் குருவையும் சனியையும் பார்த்தால் பயனில்லை. குருவுக்கு ஒரு சுற்று ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு 30. அறுபது ஆண்டில் இரண்டும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகுவைப் பாருங்கள். அதன் சுற்று பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் என்பதால், அறுபது கழித்து இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும். பலன் சொல்லத்தான் ஜாதகம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. பிறந்த நேரத்து வானத்தை அப்படியே குறித்துவைத்த தாள் அது.

கடல் தாண்டிப் போனவர்களுக்கு ஊரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்கள் 1,52,000க்கும் மேல். கப்பல் பட்டியலில் ஆளுக்கோர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. ஆனால் ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் அந்தக் கிராமம் இன்று ராணிப்பேட்டையிலும் இருக்கலாம், திருவண்ணாமலையிலும் இருக்கலாம், ஆந்திரத்துச் சித்தூரிலும் இருக்கலாம். அன்று அந்த ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். கிராமப் பெயரோ குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. புதூர் என்று வந்துவிட்டால் எத்தனை புதூரைத் தேடுவது? தாலுகா பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு, அதே கப்பலில் அதே கிராமம் சொன்ன மற்றவர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். முனுசாமி அங்கே மூன்சாமியாகி, பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகவும் நிலைத்துவிட்டார்.

இத்தனையிலும் எனக்குத் தாங்காத வருத்தம் பெண்களைப் பற்றித்தான். வீடுகளில் எழுதிவைத்திருக்கும் வம்சாவளிகளில் மகன்கள் மட்டுமே இருக்கிறார்கள். பாட்டிக்குப் பாட்டி பெயர் கேட்டால் ‘கீழூர்க்காரி’ என்பார்கள். மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டிய குடும்பங்களில் பெண் வழியை விட்டுவிட்டால் ஆண் வழியும் பாதிதான் விளங்கும். ஒரே ஆள் இரண்டு கிளைகளில் நிற்பது பெண்ணை எழுதினால்தான் தெரியும். அந்தக் கப்பல் பட்டியல்களிலோ ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் உண்டு, அவளைப் பெற்றவன் பெயர் உண்டு, ஊர் உண்டு. தாத்தாவின் தங்கை ஒருத்தி ‘எங்கேயோ போய்விட்டாள்’ என்று உங்கள் வீட்டில் பேச்சு இருந்தால், அவள் அண்ணன் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அவள் பெயரை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொண்டு அந்தப் பட்டியல்களைத் திறங்கள்.