பாம்பை வளர்த்தல் தகுமா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. கண்டவிடத்தே கல்லும் கழியும் கொண்டு அதனைக் கொல்லுதலே நெடுங்காலம் நம்மவர் வழக்கமாயிருந்தது. இக்காலத்து இளைஞரிற் சிலரோ, அவ்வச்சம் நீங்கி, வயலிலும் புதரிலும் அகப்பட்ட பாம்பைக் கொல்லாது கொணர்ந்து, கண்ணாடிப் பேழையில் இட்டு வளர்க்க விரும்புகின்றனர். கொல்லும் எண்ணம் ஒழிந்தமை குறித்து நாம் மகிழ்கின்றோம். ஆயினும், தன்னியல்பிற் திரியும் பாம்பைப் பிடித்து வளர்த்தல் தகுமா என்னும் வினாவிற்குத் தகாது என்பதே நம் விடை.

வளர்க்க விழைவோர் கூறும் நியாயங்கள் இரண்டு. வெளியே விட்டால் ஊரார் அடித்துக் கொல்வர், நம்மிடத்தில் அது உயிரோடேனும் இருக்கும் என்பது ஒன்று. அருகிருந்து காண்பதால் அறிவு வளரும் என்பது மற்றொன்று. இவை எளிதில் தள்ளத்தக்கன அல்ல. ஆதலின் ஆராய்ந்தே விடை கூறவேண்டும்.

முதலிற் பாம்பின் இயல்பை நோக்குவோம். சாரைப்பாம்பு நஞ்சற்றது, ஆறடிக்கு மேலும் வளர்வது, பகற்பொழுதில் வரப்பிலும் வேலியோரத்திலும் திரிந்து எலியும் தவளையும் தேடி உண்பது. பாம்பின் உடம்பு தனக்கு வேண்டும் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்வதன்று. வெயிலையும் நிழலையும் மாறி மாறி நாடியே அதனைப் பெறும். உண்ட இரை செரிப்பதும் அவ்வெப்பத்தைப் பற்றியதே. ஈரடிப் பேழையில் அதற்கு வெயிலேது, நிழலேது? பிடிபட்ட பாம்பு பல வேளைகளில் இரையை மறுக்கும். கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பாலூட்டுவோம் என்பாரும் உளர். பால் பாம்பின் உணவன்று. நீர்வேட்கையால் வருந்தும் பாம்பு அதனைக் குடிப்பினும் அஃது அதற்குத் தீங்கே. நாயும் பசுவும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து பழகிய இனங்கள். பசித்தாற் குரல் கொடுக்கும். பாம்பு முறையிட அறியாது. அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு, பழகிவிட்டது என நாம் மகிழ்கின்றோம். பழக்கம் வேறு, சோர்வு வேறு.

இனி, வளர்ப்போர்க்கு நேரும் இடுக்கணும் உண்டு. வீட்டுச் சுவரிற் பல்லியைத் தேடித் திரியும் வெள்ளிக்கோல் வரையன் நஞ்சற்றது. கட்டுவிரியனோ கொடிய நஞ்சுடையது. இவ்விரண்டும் வெண்பட்டைகள் உடையன. முன்னதன் பட்டைகள் வாலை நோக்கிச் செல்லச் செல்ல மங்கும். பின்னதன் பட்டைகள் கழுத்தருகே மங்கி வாற்புறத்தே தெளிவுறும். நூலிற் படிக்க இஃது எளிது. இரவில் விடுதி விளக்கொளியில், நெளியும் குட்டியொன்றிடத்துக் காண அரிது. கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் மிகக் குறைவாதலின், கடியுண்டவன் பொருட்படுத்தாது உறங்கி, மூச்சு நின்று மாள்வதும் உண்டு. ஒருவன் விளையாட்டு உடனுறைவோர் அனைவர்க்கும் கேடாகலாம்.

சட்டமும் இதனை விலக்குகின்றது. 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், கொல்லுதலை மட்டுமன்றிப் பிடித்தலையும் வேட்டை என்றே கொள்ளும். சாரை, நல்ல பாம்பு, கண்ணாடிவிரியன், மலைப்பாம்பு ஆகியன அச்சட்டத்தின் அட்டவணைகளில் அடங்கியன.

அங்ஙனமாயின் இருளர் பாம்பு பிடிப்பது எவ்வாறு பொருந்தும் என வினவலாம். தோல் வாணிகம் தடைப்பட்டு வாழ்வு குன்றிய அம்மக்கள், 1978இல் செங்கற்பட்டுப் பகுதியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசின் அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கினையும் பிடித்து நஞ்செடுக்கின்றனர். அந்நஞ்சினின்றே மாற்று மருந்து ஆக்கப்படுகின்றது. 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்பது 2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின் மதிப்பு. இத்துணைப் பெரும் தேவை இருந்தும், அவர்கள் ஒரு பாம்பைச் சில வாரங்களே மண்பானையில் வைத்து, அடையாளம் இட்டு, மீண்டும் வெளியில் விட்டுவிடுகின்றனர். உயிர்காக்கும் தொழிலுக்கே இவ்வரையறை உண்டாயின், வெறும் விருப்பத்திற்கு ஆயுட்சிறை விதித்தல் எங்ஙனம் நியாயமாகும்?

முற்கூறிய நியாயங்களுக்கு இதுவே நம் விடை. ஊரார் கொல்வர் என்று அஞ்சுவோர், வனத்துறையினருக்கோ, பயிற்சி பெற்றவருக்கோ அறிவித்து, பிடித்த இடத்திற்கு அண்மையிலேயே விடச் செய்க. நெடுந்தொலைவிற் கொண்டுபோய் விட்டால், இரையும் ஒதுங்கிடமும் அறியாது அலைந்து அது மடியக்கூடும். பின்னர் அவ்வூராரிடமே சென்று, சாரை இல்லாத வயலில் எலி பெருகும் என்பதை எடுத்துரைப்பது கற்றவர் கடமை. ஒரு பாம்பைப் பேழையில் ஒளித்துக் காப்பதால் அவ்வூரில் அடுத்த பாம்பு பிழைக்கப்போவதில்லை. அறிவை நாடுவோர்க்கோ 1972 முதல் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கின்றது. கற்றறிந்த இருளரும் இருக்கின்றனர். நம் கல்லூரித் தோட்டமும் இருக்கின்றது. சற்றுத் தொலைவில் நின்று, சாரையொன்று வேலியைக் கடந்து செல்வதைப் பொறுமையோடு நோக்குபவன், அது செல்லும் வழியையும் தேடும் இரையையும் ஒருங்கே அறிகின்றான். பேழையைக் காண்பவன் பாம்பின் உடலை மட்டுமே காண்கின்றான்.

அஞ்சிக் கொல்லுதலும் விரும்பிச் சிறையிடுதலும் வேறு வேறு குணங்கள்போலத் தோன்றினும், அவ்வுயிர் தன்னியல்பில் வாழ இடங்கொடாமையில் இரண்டும் ஒன்றே. அதன் வழியினின்று விலகி நிற்கும் பண்பை நம் மாணாக்கர் மேற்கொள்வாராக.