வாய் பெற்ற வள்ளி

“வள்ளி குறத்தியே இல்லை, டீச்சரம்மா! திருமால் பெற்ற மகள். தெரியாமப் பேசாதீங்க!”

இப்படி என்னைத் திருத்தினார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், வாழையும் காப்பியும் மிளகும் விளையும் சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியை. பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் ஒன்று வேண்டும் என்றார்கள். பழனி மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு வேறு எந்தக் கதை நெஞ்சுக்கு நெருக்கம்? வள்ளி திருமணத்தை அரைமணிக் காட்சியாகச் சுருக்கினேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வள்ளியாக நிறுத்தினேன். பளியர் குடிப் பெண், கணீரென்ற குரல், ஒருமுறை கேட்ட பாட்டை மறுமுறை பிழையின்றிப் பாடுவாள். இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. மூன்றாம் நாள் பெரியவர்கள் வந்தார்கள். முருகன் பக்கத்தில் அந்தப் பிள்ளையை நிறுத்தினால் நன்றாக இராது, அவளைத் தோழியாக்கிவிட்டு வேறு பெண்ணை வள்ளியாக்குங்கள் என்றார்கள். குறவர் மகள் வேடத்திற்கு மலைக்குடிப் பெண்ணைவிடப் பொருத்தமானவள் யார் என்று கேட்டேன். அதற்குக் கிடைத்த விடைதான் மேலே கண்டது.

பெரியவர்மீது எனக்குச் சினமில்லை. அவர் பொய் சொல்லவில்லை. ஏட்டில் உள்ளதைச் சொன்னார். எனவே வழக்கு அவரோடு அல்ல, ஏட்டோடு!

கந்தபுராணம் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடியது. ஆறு காண்டம், 10,345 பாடல். சூரன் வாழ்வும் வீழ்வும், போர், மாயை, வரம், சாபம் என்று விரிந்து செல்லும் அந்தக் கற்பனைக் கடலின் கடைசிக் கரையில் நிற்பது வள்ளியம்மை திருமணப் படலம். அதில் வள்ளி யார்? முற்பிறவியில் திருமாலின் மகள் சுந்தரவல்லி. முருகனை மணக்க வேண்டித் தவம் கிடந்தவள். சிவமுனிவர் ஒருவர் மானைக் காமத்தோடு நோக்க, அம்மான் வயிற்றில் கருவாகி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் பிறக்கிறாள். குழந்தை தன் இனம் அன்று எனக் கண்ட மான் ஓடிப்போகிறது. நம்பி என்னும் வேடர் தலைவன் கண்டெடுத்து வளர்க்கிறான். ஆக, பெற்றது மான், தந்தை முனிவர், உயிரோ வைகுந்தத்துச் சரக்கு! குறவனுக்குக் கிடைத்தது வளர்க்கும் வேலை மட்டும்.

இந்தச் சுற்றுவழி எதற்கு? குறவன் வீட்டில் குறத்தி வயிற்றில் பெண் பிறந்தால் கடவுள் மணக்கக் கூடாதா? புராணத்திற்கு முற்பட்ட தமிழைக் கேட்டுப் பாருங்கள். நற்றிணையில் வள்ளி வருகிறாள். முருகனோடு கூடி நடந்து செல்லும் பெண்ணாக வருகிறாள். திருமுருகாற்றுப்படை அவளைக் குறவர் மகள் என்றே கூறுகிறது. அங்கே மானும் இல்லை, முனிவரும் இல்லை, முற்பிறவியும் இல்லை. நக்கீரருக்குக் கூசாத நா, பின்னால் வந்தவர்களுக்குக் கூசியிருக்கிறது. குலத்தைக் கழுவித்தான் மணப்பந்தலுக்குள் விட்டார்கள்.

கழுவியதோடு நின்றதா? தினைப்புனத்திற்கு முருகன் வேடனாக வருகிறான், அவள் இணங்கவில்லை. வேங்கை மரமாக நிற்கிறான். கிழவனாக வந்து தேனும் தினைமாவும் உண்டு, நீர் பருகி, பிறகு பெண்ணையே கேட்கிறான். அவள் வைகிறாள். உடனே அண்ணன் பிள்ளையார் யானையாக வருகிறார். அஞ்சி நடுங்கிய பெண் கிழவனைத் தழுவிக்கொள்கிறாள். இரவில் அவளைக் கூட்டிச் செல்லும்போது தொடர்ந்து வந்த உறவினர் மாண்டு விழுகின்றனர்; பிறகு எழுப்பப்படுகின்றனர். இதற்குப் பெயர் திருமணம்!

அவள் மறுத்த மறுப்பு என்ன ஆயிற்று? அதற்குத்தான் முற்பிறவி உதவுகிறது. போன பிறவியில் அவளே தவமிருந்து கேட்டாள், எனவே இந்தப் பிறவியில் அவள் சொல்லும் ‘மாட்டேன்’ செல்லாது! எந்த நீதிமன்றத்திலும் காணாத சான்று இது. பெண்ணின் வாயை அடைக்க, அவள் நினைவிலேயே இல்லாத ஒரு பிறவியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

இந்த ஏட்டு வள்ளியை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார் ஒருவர். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். இளமையில் எமனும் இராவணனுமாக வேடம் கட்டியவர், பின்னர் ஆசிரியராக அமர்ந்து நாடகம் நாடகமாக எழுதிக் குவித்தார். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று நீளும் அந்த வரிசையில் வள்ளி திருமணமும் ஒன்று. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாய்ப் பயின்றனர். 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். நூறாண்டு கடந்தும் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரத்துத் திருவிழாக்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரில் அவருடைய வள்ளி ஆலோலம் பாடிக்கொண்டிருக்கிறாள்.

சுவாமிகள் புராணத்தை மறுத்தவர் அல்லர், முருகன் அடியார். நம் கட்சிக்கு அவரை இழுப்பது நேர்மையாகாது. ஆனால் மேடையின் தேவை ஒன்று உண்டு. பாட வேண்டும், பேச வேண்டும், விடியும் வரை ஊர் விழித்திருக்க வேண்டும். ஊமைப் பெண்ணை வைத்துக்கொண்டு விடியும் வரை எப்படிக் கூட்டத்தை அமர்த்துவது? வள்ளிக்கு வாய் முளைத்தது!

அந்த வாய்க்குத் தர்க்கம் என்று பெயர். நாரதர் தினைப்புனத்திற்கு வருவார். மணம் செய்துகொள் என்பார். ஏன் செய்ய வேண்டும் என்பாள் வள்ளி. ஒரு மணி நேரம், சில ஊர்களில் அதற்கு மேலும், பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல். இந்நாடகத்தில் ஒத்திகை கிடையாது. இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார்; ஆர்மோனியக்காரர் சுருதி கூட்டியபின் மேடையில்தான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். ஆகவே நாரதர் என்ன கேட்பார் என்பது வள்ளிக்கு முன்கூட்டித் தெரியாது. அறிவு இருந்தால்தான் மேடையில் நிற்கலாம்.

சென்ற பங்குனியில் எங்கள் மலையில் அப்படி ஒரு நாடகம் பார்த்தேன். பெண் என்பவள் கொடி, கொழுகொம்பு இல்லாமல் கொடி நிற்குமா என்றார் நாரதர். கூட்டம் கைதட்டியது. வள்ளியாக நின்ற அம்மையார் சற்றும் தயங்கவில்லை. “சுவாமி, என் பெயரே வள்ளி. கொம்பு இல்லாவிட்டால் தரையிலே படருவேன். என் கிழங்கு மண்ணுக்குள்ளே இருக்கிறது, கொம்பிலே இல்லை” என்றார். நாரதர் சப்ளாக்கட்டையைத் தட்டிச் சிரித்தே விட்டார். பக்கத்தில் கம்பளிக்குள் தூங்கி விழுந்துகொண்டிருந்த பாட்டி ஒருத்தி, “அப்படிக் கேளு தாயி!” என்றாள். 10,345 பாடலில் இல்லாத பாடம் அது. கல்லூரியில் மூன்றாண்டு இலக்கியம் படித்தேனே, எனக்கு ஒருவரும் சொல்லித் தராத விடை அது.

கற்றவர்கள் இந்த நாடகத்தை ஏளனம் செய்வார்கள். பபூன் பேச்சு ஆபாசம் என்பார்கள். ஆம், பல இடங்களில் ஆபாசமே. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நள்ளிரவில் பிள்ளைகளைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏட்டில் உள்ளது உயர்வு, மேடையில் உள்ளது தாழ்வு என்று எடை போடுவோரிடம் ஒன்று கேட்கிறேன். பெண்ணை ஏமாற்றி மணப்பது தூய தமிழில் இருந்தால் இலக்கியம், ‘ஏன்’ என்று பெண் கேட்பது கொச்சைத் தமிழில் இருந்தால் கூத்தா?

இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் மனக்குறையை மறைக்க முடியவில்லை. நாரதரை மடக்கிய வள்ளி, வேடனைத் திணறவைத்த வள்ளி, விடியும் நேரத்தில் என்ன ஆகிறாள்? யானை வருகிறது, அஞ்சுகிறாள், தழுவுகிறாள். இரவெல்லாம் வென்ற வாதத்தை ஒரு பிளிறலில் தோற்கிறாள். சுவாமிகள் நடுவை மாற்றினார், முடிவைத் தொடவில்லை.

முடிவைத் தொட்ட மேடைகளும் உலகில் உண்டு. 1900-இல் எல். பிராங்க் பாம் என்ற அமெரிக்கர் ஓஸ் என்னும் மாயநாட்டைப் படைத்தார். அதில் ஒரு கொடிய சூனியக்காரி. 1995-இல் கிரகரி மகுவயர் என்பவர் ‘விக்கெட்’ என்ற நாவலில் அவள் பக்கத்துக் கதையை எழுதினார். பச்சை நிறத் தோலோடு பிறந்தவள், அதிகாரத்தை எதிர்த்தவள், அதனால் கொடியவள் எனப் பட்டம் கட்டப்பட்டவள் என்பது அக்கதை. இராவணனைப் பற்றிய நம் வாதங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிதன்று! 2003-இல் நியூயார்க்கில் அது இசை நாடகமாயிற்று. நாவலில் அவள் தண்ணீர் பட்டு மாண்டுபோகிறாள். நாடகத்தில் மாண்டதாக ஊரை நம்பவைத்துக் காதலனோடு தப்பிவிடுகிறாள். நாவலின் கசப்பை நாடகம் சர்க்கரை போட்டு விற்றது. எனக்கு அது முழுதும் பிடிக்கவில்லை. என்றாலும் மூல நூலின் முடிவைப் பார்த்து அந்த மேடை நடுங்கவில்லை.

நம் மேடை அஞ்சும் மேடை என்றும் சொல்வதற்கில்லை. சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ் இதே வள்ளி திருமணத்தில் வேலனாக வந்து, தினை தின்ன வரும் பறவைகளோடு வெள்ளைக் கொக்கையும் சேர்த்துப் பாடினார். கொக்கு யார் என்று கேட்டவர்க்கும் தெரியும், காவலர்க்கும் தெரியும். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை இராயல் தியேட்டரில், முருகனாக வேடமிட்டு மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. தினைப்புனத்துக் கொக்கை வெள்ளையனாக்கத் துணிந்த மேடை அது! ஆனால் அவர் மருத்துவர் குடியில் பிறந்தவர் என்பதால் அவருக்கு எதிரே வள்ளியாக நிற்கச் சில நடிகையர் மறுத்தனர். வெள்ளைக் கொக்கைப் பறக்கடித்த மேடையிலேயே சாதிக் கழுகு உட்கார்ந்திருந்தது. அன்று முருகனுக்குக் குலம் பார்த்தார்கள். இன்று எங்கள் பள்ளியில் வள்ளிக்குக் குலம் பார்க்கிறார்கள்.

வள்ளிக்கு வாய் கொடுக்கும் பெண்களின் பாடு என்ன? விடியும் வரை அறம் பேசிய அம்மையாருக்கு மறுநாள் எங்கள் ஊரில் குளிக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பள்ளியின் தண்ணீர்த் தொட்டியருகே கோணி கட்டி மறைத்துக் கொடுத்தேன். “பழகிப்போச்சும்மா” என்றார். நாடகத்துப் பெண்கள் என்றால் ஊருக்கு ஒரு நினைப்பு. 2005-இல் சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவர்கள் சுமக்கும் இழிசொல்லைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். கடல் கடந்து வந்தவருக்குத் தெரிந்தது, கைதட்டிய நமக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆண்டு விழாவில் நாடகம் நடக்கவில்லை. வள்ளியை மாற்ற நான் இசையவில்லை. நாடகம் வேண்டாம் என்று அவர்கள் முடித்துவிட்டார்கள். சினிமாப் பாட்டு ஒன்றுக்குப் பிள்ளைகள் ஆடினார்கள். அந்தப் பெண் அன்று பள்ளிக்கு வரவில்லை.

ஒத்திகையின் இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். யானைக் காட்சி வந்தது. கிழவர் வேடத்துப் பையன் கையை விரித்து நின்றான். அவள் நகரவில்லை. பயப்படு, ஓடு என்றேன். என்னை விந்தையாகப் பார்த்தாள். இரவெல்லாம் பரண்மீது தகரம் தட்டி வாழைத் தோட்டத்திற்கு யானைக் காவல் இருக்கும் வீட்டுப் பிள்ளை அவள். “ஓடக் கூடாது டீச்சர். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து, சத்தம் போடாம ஒதுங்கி வழி விடணும். அது பாட்டுக்குப் போயிரும்” என்றாள். பிறகு அந்தப் பையனைக் காட்டிக் கேட்டாள்: “தாத்தாவைக் கட்டிப் பிடிச்சா யானை போயிருமா?”

அவள் சொன்னபடியே அந்தக் காட்சியைத் திருத்தி எழுதிவிட்டேன். யானை வருகிறது, வள்ளி ஒதுங்கி வழி விடுகிறாள், அஞ்சி நடுங்கும் கிழவரைப் பாறைக்குப் பின்னால் இழுத்து நிறுத்துகிறாள், யானை போனபின், வந்த காரியம் என்ன என்று கேட்கிறாள். அதற்குக் கிழவர் சொல்லும் விடையை இன்னும் எழுதவில்லை. அடுத்த விழாவுக்கு ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவாள். நாடகம் உண்டென்றால் வருவேன் என்கிறாள்.