அளந்து வாங்குவோம்!



நம்ம லேப்ல புரோகிராம் ஓடி, கேட்ட அவுட்புட் வந்துவிட்டால் போதும். ரிக்கார்டு நோட்டில் கையெழுத்து, செய்முறைத் தேர்வில் மார்க். பெயர் கேட்கும் இடத்தில் ஐந்நூறு எழுத்தை அடித்தால் என்ன ஆகும் என்று யாராவது பார்த்ததுண்டா? இந்தப் பழக்கம் மாறணும் என்பதுதான் என் கட்சி.

பஃபர் ஓவர்ஃப்ளோ என்றால் என்ன? பேங்க் சலானை நினைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு இருபது கட்டம். ஒருவர் நிறுத்தாமல் முப்பது எழுத்து எழுதினால், மீதிப் பத்து பக்கத்துக் கட்டங்களில் ஏறிவிடும். அங்கே இருந்தது தொகை என்றால், தொகையே மாறிப்போகும்! மெமரியிலும் இதே கதைதான். இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்பிப் போகணும் என்ற முகவரியும் பக்கத்திலேயே இருக்கலாம். வழிந்தது அதன்மேல் ஏறினால், அனுப்பியவன் சொன்ன இடத்துக்குக் கம்ப்யூட்டர் போகும். அவன் சொன்ன வேலையைச் செய்யும்.

1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் இது நடந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட 'வோர்ம்' பரவிய வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சர்வர். அது ஒதுக்கிய இடம் 512 பைட். வந்து விழுந்தது 536 பைட். வாங்கிய ஃபங்ஷன் நாமெல்லாம் கேள்விப்பட்ட 'கெட்ஸ்'. அதற்கு அளவு பார்க்கவே தெரியாது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் திணறிப்போயின.

உலகம் பாடம் கற்றதா? 23 வருஷம் கழித்து, 2011 டிசம்பரில், ஃப்ரீபிஎஸ்டி சிஸ்டத்தின் டெல்நெட் சர்வரில் அதே ஓட்டை! தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவுவது டெல்நெட். செய்தியை மறைத்து அனுப்ப அதில் ஒரு வசதி. அதற்கான சாவி வந்தபோது, நீளம் பார்க்காமலே அளவான இடத்தில் கொட்டிவிட்டது. அதுவும் பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னாலேயே! அந்த சர்வர் பெரும்பாலும் ரூட் அதிகாரத்தில் ஓடுவது. ஆக, திண்ணைக்கு வந்தவன் வீட்டுக்கே சொந்தக்காரன். பாதுகாப்புக்கு வைத்த பூட்டே ஓட்டையாகிப் போனது. திருத்தமோ, நீளம் எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் ஓரிரு வரிதான்.

"பைத்தான் படிச்சா இந்தத் தொல்லையே இல்லையே" என்பார்கள் சில நண்பர்கள். உண்மைதான், அது அளவைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அடியில் ஓடும் சிஸ்டத்தில் இன்னும் சி மொழிதானே இருக்கிறது? "கம்பெனியில சொல்லித் தருவாங்க" என்பார்கள் வேறு சிலர். டெல்நெட்டை எழுதியவர்கள் ஒன்றும் தெரியாதவர்களா? அவர்கள் கண்ணிலேயே தப்பியது என்றால், இது பழக்கத்தில்தான் வரணும். பழக வேண்டிய இடம் நம்ம லேப்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். எங்க அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. யார் காகிதம் நீட்டினாலும், "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று கேட்ட பிறகுதான் கைநாட்டு வைப்பார். படிக்காத மனிதருக்கு இருக்கும் அந்த எச்சரிக்கை, படித்தவன் எழுதும் புரோகிராமுக்கு வேண்டாமா? நாளைக்கு அது பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் ஓடும். எதிரே வரிசையில் நிற்பவர்கள் அப்பா மாதிரி ஆட்கள். நாம் எழுதியதை அவர்களால் படித்துப் பார்க்க முடியாது, நம்பத்தான் முடியும்.

ஆகவே பேரவை மூலம் நம் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்போம். செய்முறைத் தேர்வில் சரியான இன்புட் ஒன்று, அளவு மீறிய இன்புட் ஒன்று, இரண்டுக்கும் மார்க் வேண்டும். 'கெட்ஸை' 2011-லேயே சி மொழித் தரத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் ரிக்கார்டு நோட்டில் மட்டும் அதற்கு என்ன வேலை?

சிந்திப்போம் நண்பர்களே, அளந்து வாங்கப் பழகுவோம்!

— இரண்டாமாண்டு மாணவன், கணிப்பொறியியல் துறை