பருவம் தவறிய உழவன்

“இன்னும் ஓராண்டு போகட்டுமே!” என்று ஆராய்ச்சி மாணவன் எவனாவது சொன்னால் எனக்கு ஒரு விமானம்தான் நினைவுக்கு வருகிறது. அதன் பெயர் கிருஷக். உழவன் என்பது பொருள்.

பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் பிறந்த சிறு விமானம் அது. ‘புஷ்பக்’ என்ற இருவர் விமானத்தைப் பெரிதாக்கி, விமானப் பயிற்சிக் கழகங்களை மனத்தில் வைத்துச் செய்தார்கள். 1959 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ஆனால் வாங்குவார் இல்லை. பழைய ஆஸ்டர் விமானங்களுக்கு மாற்று வேண்டும் என்று இராணுவம் கேட்ட பிறகே அதற்கு வாழ்வு வந்தது. பணியில் சேர்ந்தபோது ஆண்டு 1965!

அதற்கு இட்ட வேலை எளியதன்று. பீரங்கிப் படை அதிகாரி மேலே பறந்து, குண்டு எங்கே விழுகிறது என்று கண்டு கீழே சொல்ல வேண்டும். அவர் கையில் 225 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றே, கவசம் கிடையாது.

அந்த 1965-இலேயே அதே எச்.ஏ.எல். ‘சேதக்’ ஹெலிகாப்டரையும் பறக்கவிட்டது. ஓடுபாதை கேட்காத பறவை முளைத்துவிட்டது. உழவனின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. சுமார் 70 விமானங்களோடு 1969-இல் உற்பத்தி நின்றது. 1970-களின் நடுவில் மலை முகடுகளிலும் இறங்கவல்ல ‘சீட்டா’ ஹெலிகாப்டர் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பத்தாண்டுப் பணியோடு கிருஷக் ஓய்வு பெற்றது.

“அப்படியானால் அத்தனையும் வீண்தானே?” என்பர் சிலர். அவர்கள் 1971 டிசம்பர் 5-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ராஜஸ்தான் பாலைவனத்து லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகள் சூழ்ந்த காலையில், மேஜர் ஆத்மா சிங் ஒரு கிருஷக்கில் பறந்து, ஜெய்சால்மரிலிருந்து வந்த ஹண்டர் போர் விமானங்களுக்கு இலக்குக் காட்டினார். வேகமாய்ப் பறப்பவனுக்குக் கண்ணாக இருந்தது மெல்லப் பறந்த அந்த உழவனே!

ஆகவே குறை விமானத்தில் இல்லை; பருவத்தில்தான். யாருக்கு வேண்டும் என்று உறுதி செய்யுமுன் செய்தார்கள். வேண்டியவர் கேட்டு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது நம் ஊர்க் குடியானவனுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நமக்குத் தெரிகிறதா?

பிறரைச் சொல்வானேன்? என் மேசைமேலும் ஓர் அளவுகருவி இரண்டாண்டாய்க் கிடக்கிறது. இன்னும் திருத்தமாகட்டும் என்று நாள்தோறும் தள்ளிப்போடுகிறேன். அதைக் கொண்டு அளக்கப் போகிறவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நண்பர்களே, நாளைக் காலை அவரைத் தேடிப் போகப் போகிறேன். நீங்களும் உங்கள் மேசையை ஒருமுறை பாருங்கள்.